வலக்கடியனும் வழிகாட்டி நூல்களும்

மயிலிட்டிக் கடற்கரையிலே விடியற்பொழுதில் வள்ளங்கள் வந்து சேரும் காட்சி எமக்குச் சிறுபராயந் தொட்டுப் பழகியது. வலையை மணலில் விரித்து மீன் தெரியும் வேளையில் நாமும் அயலிலுள்ள சிறுவரும் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்போம். ஒருநாள் வலையின் மடிப்பிலே சாம்பல் நிறமான நீண்ட உயிரொன்று நெளிந்து கிடந்தது. விலாங்கு என்று கருதி நாம் கையை நீட்டினோம். முதியவர் ஒருவர் எமது கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, தொடாதை. உது விலாங்கில்லை, வலக்கடியன்."

"விலாங்கு மாதிரித்தானே கிடக்குது, அப்பு?"

"வாலைப் பார், ராசா. விலாங்குக்கு உப்பிடிச் சவள் மாதிரி வாலோ? மேலைப் பார், செதில் கிடக்குது. செவுள் இருக்கோ எண்டு பார். மூண்டும் பாத்துப்போட்டுத்தான் கை வைக்க வேணும்."

அவர் எழுத்து வாசனை அறியாதவர். ஆயினும் அன்று அவர் எமக்குக் கற்பித்தது விலங்கியலின் முதற் பாடம் என்பதனைப் பல்லாண்டு கழித்தே உணர்ந்தோம். கல்லூரியிற் பயிலுங் காலத்தில் ஊர்வனவற்றைப் பற்றிய பழைய ஆங்கில நூலொன்றைப் புரட்டியபோது, கடற்பாம்புகளின் வரிசையில் இலத்தீன் வடிவில் எழுதப்பட்டிருந்த ஒரு பெயர் எமது கண்ணைப் பறித்தது. "என்கைட்றினா வலக்கடியேன்" என்பதே அப்பெயர். எமது கரையில் வலை தெரிபவர் வாயில் வழங்கிய சொல், ஐரோப்பிய அறிஞர் நூலிலே விஞ்ஞானப் பெயராகி வீற்றிருந்தது! வலையைக் கடிப்பது என்னுங் கருத்து அச்சொல்லிலேயே தெரிகின்றது. இந்நாளில் அறிஞர் அவ்வினத்தை "கைட்றோபிஸ் சிஸ்டோசஸ்" என்பர். எனினும் பழைய நூல்களில் எம்மவர் சொல் அழியாது நிற்கின்றது.

எம்மவர் அறிவு நூலுக்குள் புகுந்தது. ஆனால் அந்நூல் எம்மவர் கைக்கு மீண்டு வந்ததா? இவ்வினாவையே இவ்விழா மலரில் பழைய மாணவர் முன்னும், இன்று பயிலும் மாணவர் முன்னும், ஆசிரியர் முன்னும் வைக்க விழைகின்றோம். ஊர்வனவற்றையும் ஈரூடகவாழிகளையும் இனங்காணவும், பேணவும், பெருக்கவும் வழிகாட்டும் நூல்கள் எவ்வாறு தோன்றின, அவற்றை எவ்வாறு வாசித்தல் வேண்டும், எமது ஊருக்கு அவற்றால் ஆவது யாது என்பவற்றை முறையே ஆராய்வோம்.

நூல்கள் வந்த வழி

எமது நாட்டு வீடுகளிற் காணப்படும் முதலாவது பல்லி நூல் யாது என வினவின், பஞ்சாங்கம் என்றே விடை கூறல் வேண்டும். பல்லி சொல்லுக்குப் பலனும், பல்லி வீழ்ந்த இடத்துக்குப் பலனும் அதிலே ஒழுங்காக அச்சிடப்பட்டுள்ளன. பல்லி எவ்வினத்தது, என்ன தின்னும், எங்கே முட்டையிடும் என்பவற்றைக் கூற அதற்கு இடமில்லை. எம் முன்னோர் பாம்பை நாகதம்பிரானாக வணங்கினர். நயினாதீவிலே நாகபூஷணி அம்மனுக்குக் கோயில் எடுத்தனர். விடகடி வைத்திய ஏடுகளை வழிவழியாகப் பேணினர். வணக்கமும் வைத்தியமும் எம்மிடம் இருந்தன. உயிரை அதன் உறுப்புக்களைக் கொண்டு பிரித்தறியும் நூலே பின்னர் வந்தது.

அவ்வகை நூல்களுள் எமது கரைக்கு அண்மித்த பழைய நூல் பற்றிக் றசல் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியர் எழுதியது. கிழக்கிந்தியக் கம்பனியின் சேவையில் விசாகப்பட்டினத்தில் வாழ்ந்த அவர், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய பெருநூலை 1796ஆம் ஆண்டு வெளியிட்டார். பாம்புகளின் நிறந்தீட்டிய படங்களோடு அவ்வவ்விடத்து மக்கள் வழங்கிய பெயர்களையும் கேட்டு எழுதி வைத்தமை அவர் செய்த பேருபகாரமாகும். வலக்கடியன் என்னும் சொல் விஞ்ஞான நூல்களுள் ஏறியது அவர் வழியாகவே. எம்மவர் முத்திரைப் புடையன் என்றும், தமிழகத்தார் கண்ணாடி விரியன் என்றும் கூறும் கொடிய பாம்புக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே இன்றும் வழங்குகின்றது.

இலங்கையில், 1852ஆம் ஆண்டு கெலாட் என்னும் வைத்தியர் இந்நாட்டு விலங்குகளைப் பற்றி எழுதிய நூல் வழிதிறந்தது. அதன்பின், நுவரெலியாவிற் பிறந்து படை வைத்தியராக விளங்கிய பிறாங்க் வோல், 1921ஆம் ஆண்டு இலங்கைப் பாம்புகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். மல்கம் சிமித் என்பார் 1931, 1935, 1943 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக இந்திய உபகண்டத்து ஊர்வனவற்றை வகுத்தெழுதினார். கொழும்பு நூதனசாலையின் தலைவராயிருந்த பீ. ஈ. பீ. தெரணியகல 1939இல் நாற்கால் ஊர்வனவற்றைப் பற்றியும், 1953இலும் 1955இலும் நிறப்படத் தொகுதிகளாகவும் வெளியிட்ட நூல்கள் இந்நாட்டவர் ஒருவரின் உழைப்பு என்ற பெருமைக்குரியன. ஈரூடகவாழிகளுக்குக் கீர்த்திசிங்க 1957இல் எழுதிய நூலும், தத்தாவும் மனமேந்திர ஆராச்சியும் 1996இல் வெளியிட்ட நூலும் குறிப்பிடத்தக்கன.

இவற்றுட் பல மேசைமீது வைத்து வாசிக்கும் பாரிய நூல்கள். வயலுக்கும் கரைக்கும் கொண்டு செல்லத்தக்க கைந்நூல்கள் அண்மைக் காலத்தன. றொமியூலஸ் விற்றேக்கர் 1978இல் எழுதிய சிறு நூலும், அவர் அசோக் கப்டனோடு சேர்ந்து 2004இல் வெளியிட்ட நூலும் இந்தியாவில் இத்துறையைப் பொதுமக்களுக்கு உரியதாக்கின. இலங்கையில் அன்சிலம் த சில்வா 1990இல் நிறப்பட வழிகாட்டி ஒன்றை வெளியிட்டார். 2005இல் அவரும் இந்திரனீல் தாசும் சேர்ந்து ஒளிப்படக் கைந்நூல் ஒன்றைத் தந்தனர்.

நூலை வாசிக்கும் முறை

இக்கைந்நூல்களை வாங்கிய மாணாக்கர் முதலிற் செய்யும் பிழை ஒன்றுண்டு. படங்களை மாத்திரம் புரட்டித் தாம் கண்ட உயிரின் நிறத்துக்கு இணையான படத்தைத் தேடுவர். நிறம் ஏமாற்றும். ஒரே இனம் குட்டியாயிருக்கையில் ஒரு நிறமும் முதிர்ந்தபின் வேறு நிறமும் காட்டும், தோலுரிக்கும் காலத்தில் மங்கும், மண்ணுக்கேற்ப வேறுபடும். ஆதலின் நல்ல நூல்கள் செதிலையும், உறுப்பின் வடிவத்தையும், வாழும் இடத்தையும் அடிப்படையாகக் கொண்டு "இது உண்டா, இல்லையா" என வினாக்களை அடுக்கிச் செல்லும். ஒவ்வொரு வினாவுக்கும் விடை கூறிச் செல்லின் இறுதியில் ஒரு பெயரிற் போய் நிற்போம். எமது முதியவர் கேட்ட மூன்று வினாக்களும் இம்முறையினவே: வால் எத்தகையது? செதில் உண்டா? செவுள் உண்டா?

இம்முறையை மூன்று சோடிகளைக் கொண்டு விளக்குவோம்.

முதலாவது சோடி கடற்பாம்பும் விலாங்கும். கடற்பாம்பின் வால் பக்கவாட்டிற் தட்டையாகிச் சவள் போன்றிருக்கும். உடலெங்கும் செதில் தெளிவாகத் தெரியும். நுரையீரலால் மூச்சு விடுவதால் செவுள் இல்லை. இடையிடையே நீர்மட்டத்துக்கு வரும். விலாங்கு, அஞ்சாலை முதலியன மீன்கள். செவுள் துவாரமும், முதுகு நெடுகத் துடுப்பும் அவற்றுக்கு உண்டு. வலக்கடியனின் கீழ்த்தாடை நுனியிலுள்ள செதில் ஒடுங்கிக் குத்துவாள் முனைபோற் கூராகிப் பள்ளமொன்றில் அடங்கிக் கிடக்கும்; அதுவே அதன் தனி அடையாளம். கெளிறு அதற்கு விருப்பமான இரை. ஆதலின் மீனைத் தேடி வந்து வலையிற் படுகின்றது. அது முட்டையிடாது குட்டியீனும் இனம். அதன் கடியில் நோவு பெரிதும் இராது. அதுவே அதன் கொடுமை. சில மணி நேரத்தின் பின் தசை நோவும் விறைப்பும் தோன்றிச் சிறுநீர் கருநிறமாகும்போதே கடியுண்டவர் ஆபத்தை உணர்வர். "ஏதோ முள்ளுக் குத்தியது" என்று வாளாவிருத்தல் உயிருக்கு உலை வைத்தலாகும்.

இரண்டாவது சோடி எட்டடி விரியன் எனவும் கட்டுவிரியன் எனவும் வழங்கும் பாம்பும், ஆங்கில நூல்கள் ஓநாய்ப் பாம்பு எனக் கூறும் நஞ்சற்ற சிறு பாம்பும். இரண்டும் கருமையான அல்லது கபில நிறமான உடலில் வெண்பட்டிகள் உடையன. இரண்டும் இரவில் உலாவுவன. இரண்டும் வீட்டினுள் வருவன. ஓநாய்ப் பாம்பு சுவரேறிப் பல்லியைத் தேடி வருகின்றது. அதன் பட்டிகள் கழுத்தருகே அகன்று தெளிந்து வாலை நோக்கி மங்கும். விரியனின் பட்டிகள் பெரும்பாலும் கழுத்தருகே மங்கி அல்லது இல்லாதொழிந்து, பின்னோக்கிச் செல்லச் செல்லத் தெளியும். ஐயமறுக்கும் அடையாளம் முதுகின் நடுவரிசைச் செதில். விரியனுக்கு அவை மற்றைச் செதில்களிலும் பெரியனவாய் அறுகோண வடிவில் நிரையாக அமைந்திருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு அவ்வாறில்லை. விரியன் நிலத்திற் பாய் விரித்துத் துயில்வோரைக் கடித்து, நோவு தெரியாமலே இமை சோரவும் மூச்சு அடங்கவும் செய்யும். ஓநாய்ப் பாம்போ மனிதருக்குத் தீங்கு செய்யாதது. ஒன்றை மற்றொன்றாகக் கருதினால், ஒருபுறம் வீணே ஓர் உயிர் கொல்லப்படும்; மறுபுறம் "இது வீட்டுப் பாம்புதானே" என்ற அலட்சியத்தால் ஒரு மனித உயிர் போகும்.

மூன்றாவது சோடி முத்திரைப் புடையனும் மண்ணுளிப் பாம்பும். புடையனின் முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று நிரையாகச் சங்கிலி போல ஓடும். தலை முக்கோணமாய்க் கழுத்தினின்றும் பிரிந்து தெரியும், மூக்குத் துவாரம் பெரிது, உரத்துச் சீறும். மண்ணுளியின் புள்ளிகள் ஒழுங்கின்றி ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். கண் மிகச் சிறிது. வால் குறுகியது. மண்ணுளி நஞ்சற்றது, மணலிற் புதைந்து எலி முதலியவற்றைப் பிடித்துண்ணும்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறல் கடமையாகும். செதிலை எண்ணுதல் ஒளிப்படத்திலும், நூதனசாலையிற் போத்தலில் உள்ள மாதிரியிலும் செய்யவேண்டிய பயிற்சி. உயிருள்ள பாம்பை அணுகிச் செதில் பார்க்க முயலுதல் மடமை. இறந்த பாம்பின் தலையும் கடிக்கும் ஆற்றலை உடனே இழப்பதில்லை.

நல்ல நூல் பொய்யையும் களையும். அரணை கடித்தால் மரணம் என்பது எம்மவர் பழமொழி. அரணைக்கு நஞ்சே இல்லை. சாரை நாகத்தின் துணை என்பர். சாரைக்கும் நாகத்துக்கும் தத்தம் இனத்திலேயே ஆணும் பெண்ணும் உண்டு. எலியைத் தின்று எமது நெல்லைக் காக்கும் சாரையை நாகத்தின் உறவென்று அடித்துக் கொல்லுதல் எமக்கே நட்டம்.

பேணலும் பெருக்கலும்

வெளிநாடுகளில் ஊர்வனவற்றை வீட்டில் வளர்க்கவும் இனம்பெருக்கவும் வழிகூறும் நூல்கள் பல உள. கூட்டின் அளவு, வெப்பம், ஈரம், இரை, நோய் என்பவற்றை அவை நுணுகிக் கூறும். எமது நாட்டில் அந்நூல்களை அப்படியே பின்பற்றுதல் பொருந்தாது. 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் எமது ஊர்வனவற்றுட் பெரும்பாலனவற்றைக் காக்கின்றது. கடலாமைகள் 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் பாதுகாப்புப் பெற்றன. ஆமையை உயிரோடு வைத்தே துண்டு துண்டாக அறுத்து விற்ற கொடுங் காட்சியை யாழ்ப்பாணச் சந்தையிற் கண்டதாக 19ஆம் நூற்றாண்டில் எமேசன் தெனன்ற் எழுதிவைத்தார். அந்நிலை மாறச் சட்டம் வேண்டியிருந்தது. ஓட்டின் அழகால் விரும்பிக் கடத்தப்படும் நட்சத்திர ஆமையை, 2019ஆம் ஆண்டு உலக நாடுகள் தமது வாணிப உடன்படிக்கையின் மிகக் கடுமையான அட்டவணையிற் சேர்த்தன. ஆதலின் ஆமையைப் பிடித்துவந்து வளவில் வளர்த்தல் அன்புபோலத் தோன்றினும் குற்றமாகும்.

எனின், அந்நூல்கள் எமக்குப் பயனற்றனவா? அல்ல. பெருக்கும் முறையை ஆராய்ந்தமையாலேயே உயிரின் இரகசியங்கள் பல வெளிப்பட்டன. கடலாமையின் முட்டை வெப்பமான மணலிற் கிடப்பின் பெண் குஞ்சுகளும், குளிர்ந்த மணலிற் கிடப்பின் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. ஆகவே முட்டையை எடுத்து நிழலில் அல்லது வெயிலிற் புதைப்போர், தாம் அறியாமலே குஞ்சின் பாலை முடிவு செய்கின்றனர். உலகம் வெம்மையுறும் இக்காலத்தில் இஃது எத்துணைப் பெரிய செய்தி என்பதனை மாணாக்கர் சிந்திப்பாராக.

பேணும் அறிவு ஒரு சமூகத்தின் வாழ்வாகவும் அமைதல் கூடும். தமிழகத்தில் விற்றேக்கரும் அவர் துணைவரும் 1970களில் கிண்டியிற் பாம்புப் பண்ணையையும், 1976இல் மாமல்லபுரத்துக்கு அணித்தாக முதலைப் பண்ணையையும் அமைத்தனர். பாம்புத் தோல் வாணிபம் தடைப்பட்டபோது தொழிலிழந்த இருளர் குலத்தார், 1978இல் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை நிறுவினர். பாம்பைக் கொல்லாது பிடித்து நஞ்செடுத்து மீண்டும் விடுதலே அவர்கள் கண்ட புதுத் தொழில். அந்நஞ்சு கொண்டே இந்தியாவில் நச்சுமுறி மருந்தின் பெரும்பகுதி ஆக்கப்படுகின்றது. ஏட்டுக் கல்வி இல்லாதாரின் அறிவு, உரிய துணை கிடைத்தபோது, உயிர்காக்கும் மருந்தாகியது.

எமது மாணாக்கர் கையாளத்தக்க பேணல் ஒன்றே ஒன்று உண்டு. அது தவளையின் பிறப்பைப் பார்த்தல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து குளமும் கேணியும் பள்ளமும் நிரம்பும்போது, மண்ணுள் மாதக்கணக்கில் ஒடுங்கியிருந்த தவளைகள் ஒருங்கே வெளிவந்து கத்துகின்றன. அக்காலத்தில் கேணிக் கரைக்குச் சென்றால் முட்டையைக் கொண்டே இனத்தைப் பிரித்தறியலாம். நீரில் நூல் போல நீண்ட பசைக்கயிற்றில் நிரையாகக் கரும்புள்ளிகள் கிடப்பின் அவை தேரையின் முட்டைகள். நீருக்கு மேலே சுவரிலோ கிளையிலோ வெண்ணுரைத் திரள் ஒட்டியிருப்பின் அது மரத்தவளையின் கூடு. குஞ்சுகள் நுரையினின்று நழுவி நீரில் வீழும். சுண்ணாம்பு பூசிய சுவரில் ஒட்டியிருக்கும் அத்தவளையை ஆங்கிலேயர் "சுணாம் தவளை" என்பர். அங்கும் எமது சொல்லே சென்றுள்ளது!

அம்முட்டைகளிற் சிலவற்றை வகுப்பில் வைத்துப் பார்க்க விரும்பின், ஆசிரியர் முன்னரே வனசீவராசிகள் திணைக்களத்தாரிடம் கேட்டறிந்து செய்வது முறை. அகன்ற பாத்திரத்தில் அக்குளத்து நீரையே ஊற்றுக. குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது. சில முட்டைகளே போதும். நெருக்கம் மிகின் நீர் நாறும். நேர் வெயிலில் வையாதிருக்க. வாற்பேய்களுக்கு அவித்த கீரையைச் சிறிதளவு இட்டு, மிஞ்சியதை நாடோறும் அகற்றுக. முதலிற் பின்கால்கள் தோன்றும். முன்கால்கள் வெளிப்பட்டு வால் சுருங்கும் வேளையில் நீரினின்று ஏறக் கல்லொன்று வையாவிடின் அவை மூழ்கி இறக்கும். ஈற்றில், எடுத்த குளத்திலேயே கொண்டுபோய் விடுக. வேறொரு குளத்தில் விடற்க. ஈரூடகவாழிகளின் தோலைப் பற்றி நோய் உண்டாக்கும் பூஞ்சணமொன்று 1999இல் விஞ்ஞான நூலில் விவரிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டங்களிலும் அவுஸ்திரேலியாவிலும் தவளை இனங்கள் பல அதனால் அழிந்தன. ஓரிடத்து உயிரை வேறிடத்துக்கு மாற்றுதல் இத்தகைய நோய்க்கு வழிதிறத்தலாகும்.

மயிலிட்டிக்கு மீண்டோர்

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் தமது வீட்டையும் வள்ளத்தையும் விட்டு வெளியேறினர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட அவ்வூர் 27 ஆண்டுகள் குடியின்றிக் கிடந்தது. 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் துறைமுகமும் அதனைச் சார்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டபின்னரே மக்கள் மீளத் தொடங்கினர். முற்றத்தில் மரங்கள் முளைத்திருந்தன, சுவர்கள் இடிந்து கற்குவியலாயின, கிணறுகள் தூர்ந்தன, பற்றை வளவுகளை மூடிற்று. மனிதர் விட்டுச் சென்ற இடத்திற் பாம்பு குடியேறுதல் இயல்பு. ஆதலின் மீண்டவர் கையிற் கத்தியும் மண்வெட்டியும் எடுத்துப் பற்றை வெட்டியபோது, இழந்த வீட்டின் அத்திவாரத்தோடு அதன் புதுக் குடிகளையும் சந்திக்க நேர்ந்தது.

இன்னொரு செய்தியையும் நோக்குக. மீண்டு வந்த இளைஞருட் பலர், முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள். வலையின் முன் நின்று, "வாலைப் பார், ராசா" என்று கூறும் முதியவரைக் கேளாது வளர்ந்தவர்கள். வாய்மொழியாக வந்த அறிவு ஒரு தலைமுறை அறுந்தால் மறு தலைமுறைக்கு எட்டாது. நூலின் தேவை இங்கேதான் உறுதிப்படுகின்றது.

இலங்கை முழுவதிலும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் வீடு வீடாக நிகழ்த்திய ஆய்வொன்று, ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகின்றனர் எனவும் 400க்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் எனவும் கணித்தது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இங்கு பயன்படும் நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், முத்திரைப் புடையன், சுருட்டை என்னும் நான்குக்கும் எதிராக இந்தியாவில் ஆக்கப்படுவது, கடற்பாம்புக்கென ஆக்கப்பட்டதன்று. அன்றியும், இந்தியப் பாம்பின் நஞ்சும் இலங்கைப் பாம்பின் நஞ்சும் முற்றும் ஒன்றல்ல. எமது யாழ்ப்பாண வைத்தியசாலையில் சுருட்டை கடித்து வந்தோரை ஆராய்ந்தவர்கள், இங்குள்ள சுருட்டையின் கடி பிற நாடுகளிற் போலக் கொடியதன்று என 2012இல் எழுதினர். எந்தப் பாம்பு கடித்தது என்பதனைத் திட்டமாக அறிந்து எழுதியமையாலேயே அவ்வாய்வு சிறந்தது. இனங்காணல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கடியுண்டவருக்குச் செய்யத்தக்கது சிலவே. கடித்த உறுப்பை அசையாது வைத்து, அவரை நடக்க விடாமல் விரைவாக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். மோதிரம், காப்பு முதலியவற்றைக் கழற்றுக. இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் யாவும் தீங்கு. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. எட்டி நின்று எடுத்த ஒளிப்படம் உதவும். அதுவும் இல்லையேல் தாழ்வில்லை. நாளத்தில் எடுத்த இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து, உறைகின்றதா எனப் பார்த்தே புடையன் கடியை வைத்தியர் உய்த்துணர்வர்.

வேண்டுவது ஒரு தமிழ் நூல்

இத்துணையும் கூறியதன் நோக்கம் ஒன்றே. வடபகுதிக் கரைக்கும் வளவுக்கும் உரிய ஊர்வனவற்றையும் தவளைகளையும், எமது ஊர்ப் பெயர்களோடு, எமது தமிழில் எடுத்துரைக்கும் கைந்நூல் ஒன்று ஆக்கப்படல் வேண்டும். இஃது எம்மால் இயலுமா என ஐயுறுவார்க்கு மானிப்பாயைக் காட்டுவோம். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரண வைத்தியம், அங்காதிபாதம், கெமிஸ்தம் எனப் பெரு நூல்கள் அவர் முயற்சியாலும் அவருடைய தமிழ் மாணாக்கர் உழைப்பாலும் 19ஆம் நூற்றாண்டிலேயே வெளிவந்தன. உடலின் நரம்பு ஒவ்வொன்றுக்கும் அன்று தமிழ்ச் சொல் கண்ட நாட்டிலே, இன்று செதிலுக்குச் சொல் இல்லை என்று கூறுதல் நாணத்தக்கது.

நூல் பெரிதாயிருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் அடங்கல் வேண்டும். உப்புநீர் பட்டாலும் கெடாத தாளாக இருத்தல் நன்று. ஒவ்வோர் இனத்துக்கும் தெளிவான படமும், ஒத்த தோற்றமுள்ள மற்றைய இனத்தின் படமும் அருகருகே இருத்தல் வேண்டும். நஞ்சுடையது, நஞ்சற்றது என்பதனை எழுத்தறியாதாரும் அறியக் குறியீடு இடல் வேண்டும். மயிலிட்டியில் ஒரு பெயர், பருத்தித்துறையில் ஒரு பெயர், தீவகத்தில் ஒரு பெயர் என வழங்கின் மூன்றையும் எழுதல் வேண்டும். பேணக் கூடாதவை எவை, பார்த்து மகிழத்தக்கவை எவை என்பதனையும் சட்டத்தோடு பொருத்திக் காட்டல் வேண்டும்.

இப்பணி ஒருவரால் ஆவதன்று. எமது பழைய மாணவருள் வைத்தியர் உளர். விலங்கியல் கற்றோர் உளர். ஓவியரும் அச்சகத்தாரும் ஒளிப்படக் கலைஞரும் உளர். பிறநாடுகளில் வாழ்ந்து பொருளுதவி செய்ய வல்லாரும் உளர். இன்று பயிலும் மாணாக்கர் செய்யத்தக்கது இவை எல்லாவற்றினும் பெரிது. அவர்கள் ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு, தத்தம் ஊரிலுள்ள முதிய கடற்றொழிலாளரிடமும் கமக்காரரிடமும் சென்று, "அப்பு, இதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவீர்கள்? இதனை எப்படி அறிவீர்கள்?" எனப் பணிவோடு கேட்டு எழுதுவாராக. 1796இல் வேற்று நாட்டார் ஒருவர் செய்த பணியை, எமது சிறுவர் இன்று தாய்மொழியிற் செய்தல் அரிதோ?

எமது கையைத் தட்டிவிட்ட முதியவர் இன்று இல்லை. அவர் வலை தெரிந்த மணலிலே புதிய வள்ளங்கள் வந்து அடைகின்றன. அங்கே ஒரு சிறுவன் கையை நீட்டும்போது, அவனைத் தடுக்க ஒரு முதியவர் இல்லாதிருத்தல் கூடும். அவன் சட்டைப்பையில் ஒரு சிறு நூலேனும் இருத்தல் வேண்டும். கல்லூரி அன்னையின் இவ்விழா ஆண்டிலே அப்பணிக்கு அடியிடுவோமாக.